அதிவேகம், அஜாக்கிரதை, மதிய ஷிப்ட்

எனக்குக் காலை ஷிப்ட், மனைவிக்கு மதிய ஷிப்ட். அவள் வீடு திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். நான் கிளம்பும்போது அவள்.

என் ஷிப்ட் முடிந்ததும், பேரிகை ஊருக்குச் சாலை பிரியும் ஸ்டாப்புக்கு அவளுடைய கம்பெனி பஸ் வருவதற்குள் போனால் கொஞ்சம் முகம் பார்த்துப் பேசலாம். இன்றும் பைக்கை விரட்டினேன். வழியில் போலீஸ் மறித்தது.

"எதுக்குடா இவ்ளோ வேகம்?"

"பொண்டாட்டியப் பாக்கணும் சார். கேஸ் போடுங்க, சீக்கிரமாப் போடுங்க."

"அதுக்கும் அவசரமா?"

அவர் எழுதும்போதே அவளுடைய பஸ் எங்களைக் கடந்தது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள் போல, உடனே அவளிடமிருந்து போன்.

"ஏன் மாமா, மெதுவா வந்தா நான் என்ன ஓடியா போயிருவேன்?"

"நீ போக மாட்ட. பஸ் போயிருமே."

அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக வழக்கு. ஓட்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே வீட்டில் இருப்பவர்களை ஷிப்ட் போட்டுப் பிரிப்பவர்கள்மேல் என்ன வழக்குப் போடலாம்? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.