நடு சீட்டில் ஜிம்மி

அந்தக் காரின் பின்கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு மடக்கு இருக்கைகள் பெஞ்சு போல எதிரெதிராக இருக்கும். வேண்டாதபோது மடித்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் மூட்டை முடிச்சு வைக்க இடமாகிவிடும். அதில் உட்காருகிறவர் சாலையைப் பார்க்க முடியாது. எதிர்ச் சன்னலைப் பார்த்தபடி குறுக்காகத்தான் உட்கார வேண்டும். பிரேக் போட்டால் உடம்பு பக்கவாட்டில் சரியும். கால் நீட்ட வழியில்லாமல் முழங்கால் மார்புக்கு வரும். எங்கள் குடும்பத்திலேயே விலை உயர்ந்த பொருளாக இருந்த அந்தக் காரில், ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்த மடக்கு இருக்கையில்தான் போய்வந்தேன். எனக்கு முன்னால், மெத்தென்ற நடு சீட்டில், பெண்ணுக்கும் பையனுக்கும் நடுவே ஜிம்மி என்ற நாய் உட்கார்ந்திருக்கும்.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். வியாசர்பாடியில் அம்மாவோடு வாழ்ந்து, கல்யாண வயதைத் தாண்டிவிட்டவள் என்று தெருவே முடிவு கட்டியிருந்தபோது, மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூர் கடலோரத்து வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முதல் மனைவி போன பிறகு, பெண்ணும் பையனுமாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்காகக் கடல் வேலையை விட்டு எண்ணூர்ப் பக்கம் கரை வேலைக்கு வந்துவிட்டார். இறந்துபோனவளை நான் அக்கா என்றுதான் சொல்வேன். அந்த வீட்டில் அக்காவின் புடவைகள் இல்லை, பாத்திரங்கள்கூட மாறியிருந்தன. ஜிம்மி மட்டும் இருந்தது. அக்கா குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்த நாய். பழுப்பு நிறம், என் இடுப்பளவு உயரம்.

எனக்கு நாய் என்றால் பயம். சும்மா தள்ளி நிற்கிற பயம் இல்லை, நாய் நிற்கிற தெருவை விட்டே சுற்றிப் போகிற பயம். ஆபீசிலிருந்து வந்து கேட்டுக்கு வெளியே நிற்பேன். பெரியவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "அது ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி, வாங்க." ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு முன்னால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் நகராது.

அப்போது வீட்டில் ஒரு பழைய வெள்ளை வேன் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போய்க்கொண்டிருந்தோம். முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் நான். பின்னாலிருந்து ஜிம்மி எழுந்து வந்து என் தோளில் முகவாயை வைத்தது. அக்கா உட்கார்ந்த சீட் அது. அக்கா தோளில் அப்படி வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தே பழகிய நாய் என்பது எனக்குத் தெரியாது. நான் போட்ட கூச்சலில் அவர் கை பதறி, வேன் எதிரே வந்த டிரெய்லர் பக்கம் போய்த் திரும்பியது. மயிரிழையில் தப்பினோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே மாட்டினால் சின்ன வண்டி தகரமாக நசுங்கிவிடும். அன்று இரவே அவர் சொல்லிவிட்டார். "பசங்க கீறாங்க, நாயி கீது, நீ கீற. இனிமே இந்த வேன் ஆவாது. உயரமா, கெட்டியா ஒரு வண்டி வாங்கிடலாம்."

அந்த மாதிரி வண்டியை இப்போது எஸ்.யூ.வி. என்கிறார்கள். எங்கள் தெருவில் அன்று ஜீப்பு காரு. கப்பலில் சம்பாதித்து வைத்ததை அதில் போட அவர் துணிந்தார். நாத்தனார் வீட்டில் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. வந்தவள் வந்ததும் வராததுமாகப் பெரிய கார் கேட்டாளாம். இல்லை, எனக்கு நாய் என்றால் பயம், அதனால்தான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? கார் ஆசைக்காரி என்ற பெயரே மேல் என்று பேசாமல் இருந்தேன்.

அண்ணா சாலையில் ஒவ்வொரு ஷோரூமாக ஏறி இறங்கினோம். அவர் சக்கரத்தின் உயரம் பார்த்தார், கதவைத் தட்டிப் பார்த்தார். மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும், என்ஜினுக்குள் போகுமா என்று கேட்டார். சின்னவன் பின்சீட்டுக்கும் ஏசி காற்று வருகிறதா என்று முகத்தை வைத்துப் பார்த்தான். தோல் சீட் வேண்டாம், நகம் பட்டால் கிழியும் என்று பெரியவள் சொன்னாள். கடைசியில் ஒரு வண்டி எல்லாருக்கும் பிடித்தது. அதில் ஏற்றிப் பார்க்க ஜிம்மியையும் அழைத்து வந்தார்கள். நாயைப் பின்னால் ஏற்றி, நடுவே கம்பி வலை அடித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். டை கட்டிய விற்பனைப் பையன் மடக்கு இருக்கைகளைத் தூக்கி மாட்டி இடம் செய்தான். ஜிம்மியை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் அது கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு அழ ஆரம்பித்தது. குழந்தை அழுவது போலவே இருந்தது. சின்னவன் கதவைத் திறந்து தானும் உள்ளே ஏறி அதைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா இருந்தப்ப அது சீட்லதான் உக்காரும்," என்றாள் பெரியவள்.

விற்பனைப் பையன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். "இவங்களுக்கு நாய்னா பயம் அங்கிள்," என்று சின்னவன் உள்ளேயிருந்து விளக்கினான். ஷோரூமில் இருந்த இன்னொரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பையன் சிரித்தபடி, "அது ஒண்ணும் பண்ணாது மேடம்," என்றான்.

எனக்குக் காது சுட்டது. "நாய் சீட்லயே உக்காரட்டும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்," என்றேன்.

"இன்னா பேசுற நீ?" என்றார் அவர்.

"பஸ்ஸுல தொங்கிகினு ஆபீஸ் போனவதானே? எனக்கு இது போதும்."

அந்த இடத்தைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது எனக்கு. தாழ்ந்துபோய்ப் பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும். அப்படித்தான் முடிந்தது. சீட்டின் முதுகு எனக்கும் ஜிம்மிக்கும் நடுவே மதில் போல நின்றது. ஜிம்மி எப்போதும் முன்னால் சாலையைப் பார்த்தே பழகியது, பின்னால் திரும்பாது. ஊர் பார்க்க, பின்கதவைத் திறந்துகொண்டு புடவையைத் தூக்கிப் பிடித்து ஏறுவேன், இறங்குவேன். கடைக்காரர்கள் பார்ப்பார்கள். நானோ அவிழாத கொசுவத்தைச் சரிசெய்வேன்.

அடுத்த வருடம் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். ராயபுரத்தில் அவர்கள் வீட்டு முன்னால் தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். ஜிம்மியைத் தனியாக விட்டால் ஊளையிட்டுத் தெருவையே கூட்டிவிடும் என்பதால் அதுவும் வந்தது. வண்டி நின்றதும் நடுக் கதவு திறந்து முதலில் ஜிம்மி இறங்கியது. பிறகு பின்கதவு திறந்து, பட்டுப்புடவையோடு ஒரு காலை எட்டி வைத்து நான். சீர்த்தட்டு பிடித்து நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பியைப் பார்த்து அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "இன்னாடா இது? நாய சீட்டுல குந்த வெச்சிட்டு, கட்டிகினு வந்தவள டிக்கில போட்டு இட்டுகினு வர்ற? கலீஜா இல்ல உனுக்கு? பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

அவர் திரும்பி வண்டிக் கதவுகளைச் சாத்தினார். பெரியவள்தான், "அவங்களேதான் கேட்டாங்க அத்தை," என்றாள். அது உண்மையும்கூட.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்க, யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். ஜிம்மி மிரண்டு பெரியவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்தது. எங்கே ஒளிவது என்று தெரியாமல் ஓடியதுதான். ஆனால் அது வந்தது என்னை நோக்கி. நான் ஓடினேன். சாமியானாக் கயிறு தடுக்கி, தாம்பாளங்களுக்கு நடுவே குப்புற விழுந்தேன். வாழைப்பழமும் பூவும் மண்ணில் சிதறின. ஜிம்மி என்னைத் தாண்டிக் காருக்கு அடியில் புகுந்துகொண்டது.

பெரியவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்தது. "தப்பு எம்மேலதாம்மா. நான்தான் ஓடிட்டேன். அது ஒண்ணும் பண்ணல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. விழுந்ததைவிட அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

திரும்பும்போது அவர் என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். சின்னவன் பின்னால் போய் ஜிம்மியை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். காசிமேட்டைத் தாண்டியதும் அவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார். "உனுக்கு அப்படி இன்னாதாம்மா பயம்?" என்று மெதுவாகக் கேட்டார். அவரிடம்கூட நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்த்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் கூட்டிப்போவாள். அங்கே கட்டிப் போடாத பெரிய நாய் ஒன்று. அது ஒண்ணும் பண்ணாது, நீ ஓடாதே என்று அந்த வீட்டு அம்மா வராந்தாவில் நின்று சொல்வார்கள். ஒரு நாள் ஓடிவிட்டேன். கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ரத்தம் சிமென்ட் தரையில் சொட்டியது. என் அம்மா ஓடி வந்தாள். என்னைத் தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். "எம் பொண்ணு மேலதாம்மா தப்பு. அதுதான் ஓடிடிச்சி." பிறகு என் ரத்தத்தைத் தானே துடைத்துவிட்டு, மிச்சப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளின் வலி மறந்துவிட்டது. அந்தக் கும்பிடு மறக்கவில்லை. நாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது அதன் பல் இல்லை, அம்மாவின் கூப்பிய கை.

"அந்த ஆன்ட்டி ஸாரி சொல்லலையா?" என்று சின்னவன் பின்னாலிருந்து கேட்டான். இல்லை என்றேன். பெரியவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது ஜிம்மி கொல்லைப்புறத்தில் கட்டிப் போடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். ஒண்ணும் பண்ணாது என்ற சொல்லைப் பெரியவள் அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள், வியாசர்பாடிக்குப் போகலாமா என்று. என் தெருவுக்குள் அந்தக் காரைக் கொண்டுபோக எனக்கு உடம்பு கூசியது. குழாயடியில் குடங்களை நகர்த்தித்தான் வழி விட்டார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். பெரியவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கேட்டுவிட்டாள். "பாட்டி, இவங்கள நாய் கடிச்சப்ப நீங்க ஏன் ஸாரி சொன்னீங்க?"

அம்மாவுக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதுவா! அந்தம்மா நல்லவங்கதான் கண்ணு. நாயிதான் பேஜாரு. வேல போயிட்டா இன்னா பண்றது?"

"ஆனா அவங்கதானே ஸாரி சொல்லணும்?"

"யாரு, அந்தம்மாவா? நம்மகிட்டயா?" அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல வேடிக்கையைக் கேட்டது போலக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

காரில் ஒரு சுற்றுப் போகலாம் என்று அவர் கூப்பிட்டதும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் சின்னவன் மடியில் கிடந்த ஜிம்மியை, "இங்க வாடா நைனா," என்று அவளே நடு சீட்டுக்குக் கூப்பிட்டு, அதன் கழுத்தில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்சீட்டில் நான் இருந்ததால், பெரியவள் வழி நெடுக அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்த பிடி விடவில்லை. தெருமுனையில் அம்மா சன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். குழாயடிப் பெண்களையும் இட்லிக் கடைக்காரியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எம் பொண்ணு காரு! எம் பொண்ணு காருடி!" என்று கத்திக்கொண்டே வந்தாள். நான் சீட்டுக்குள் சரிந்து உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டேன். அம்மாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எதற்கு அவ்வளவு வெட்கம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

"ஆன்ட்டி, பாட்டிக்கு இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று பெரியவள் கேட்டாள். போதும், வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை மறுபடி அந்தத் தெருவுக்கே திருப்பினார். இரண்டாவது சுற்றிலும் நான் நிமிரவில்லை.

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. ஜிம்மியும் இல்லை, அந்தக் காரும் இல்லை. பெரியவள் வெளியூரில் பிள்ளைகளோடும் ஒரு நாயோடும் இருக்கிறாள். இன்றும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். போன மாதம் வந்திருந்தபோது தன் புதுக் காரில் என்னை வியாசர்பாடி வழியாக அழைத்துப் போனாள். பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். நான் சன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட, தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.