அப்பாவுக்கு வந்த மயக்கம்

கேரளத்து மட்டாஞ்சேரியில் துப்புரவு வேலை பார்த்த இசக்கிசெல்வியின் ஏழு வயது மகள் அஞ்சுவுக்கு, 2003இல் பித்தக்குழாயில் நீர்க்கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

“சும்மா போட்டோ எடுப்பாங்க மோளே” என்று அளந்தான் அப்பா பாண்டித்துரை.

இசக்கிசெல்வி மகளின் வயிற்றில் பேனாவால் கோடு போட்டாள். “இங்க கீறுவாங்க. நீ உறங்கியிருப்பே. முழிச்சா வலிக்கும், மருந்து தருவாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்.”

“பிள்ளைய பயமுறுத்தாதடி!” என்று கத்தினான் அவன்.

மறுநாள் நர்ஸ் ஊசியோடு வந்ததும் அஞ்சு கையை நீட்டினாள். மயங்கி விழுந்தது பாண்டித்துரைதான். அவனைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள்.

“அப்பாக்கும் ஆபரேஷனா சேச்சி?” என்று நர்ஸிடம் கேட்டாள் அஞ்சு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியபின், மகளுக்குத் தைரியம் ஊட்டியது தானே என்று பாண்டித்துரை தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சொல்லிட்டுப் போட்டும்மா” என்றாள் அஞ்சு. “அப்பாக்கு இன்னும் பயம் மாறல.”