மெஹர் அக்கா வண்டியில் பதினோராவது கல்

டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் சிறுநீரகக் கல் வராத தமிழன் யாராவது இருந்தால் அவன் நேற்றுதான் விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். 2004-இல் நிலவரம் அப்படித்தான் இருந்தது. வெளியே நூற்று மூன்று டிகிரி வெயில், உள்ளே உடம்பை நடுக்கும் ஏசி, ஆபீஸ் ஃபிரிட்ஜில் சும்மா கிடைக்கும் கோக். தண்ணீர் குடிக்க எவனுக்கு ஞாபகம் வரும்?

கல் வந்தால் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்பதால், வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் கூடவே வராவிட்டால் மேஜையிலேயே ஏற்ற மாட்டார்கள். டாக்ஸியில் போகிறேன் என்றால் செல்லாது. கல்யாணமாகாதவர்களும் மனைவியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பியவர்களும் ஆளுக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட எங்களுக்கெல்லாம் இருந்த ஒரே ஆள் மெஹர் நிஷா அக்கா.

மண்ணடிக்காரர், பி.காம். புருஷன் பசீர் அகமது டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்தார். அக்காவுக்கு வந்திருந்த விசாவில் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. அந்த வயிற்றெரிச்சலிலேயே டிரைவிங் கற்றுக்கொண்டு, இரண்டு முறை ஃபெயிலாகி, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினார். வாங்கிய பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய மினிவேன் ஒன்றில் ஊரார் கல்லையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். "இந்த ஊர்ல யாரு கிட்னில என்ன சைஸ் கல்லுன்னு என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்" என்று பசீர் அண்ணன் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார்.

அக்கா வண்டியில் ஏறிய பதினோராவது கல் என்னுடையது. என் பெயர் நஞ்சுண்டன், சொந்த ஊர் கோபிக்குப் பக்கம். மனைவி சாரதா ஊரில் நிறைமாதம். வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை விமானம், அடுத்த வாரக் கடைசியில் பிரசவம். தலைச்சன் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

ஒரு வாரம் முன்பே அக்கா ஃபோனில் பாடம் எடுத்துவிட்டார்.

"தம்பி, பயப்படாதீங்க. இது யூரிட்டரோஸ்கோப்பி. வயித்தை வெட்ட மாட்டாங்க. ஒண்ணுக்குப் போற வழியாவே மெல்லிசா ஒரு கேமரா டியூப் போகும். லேசரால கல்லை உடைச்சு, குட்டிக் கூடை மாதிரி ஒண்ணுல அள்ளிட்டு வந்துருவாங்க. சாயந்திரம் வீட்டுல ரசம் சாதம் சாப்பிடலாம்."

"ரிஸ்க் ஒண்ணும் இல்லீங்களாக்கா?"

"இல்லாம இருக்குமா? டியூப் உரசி உள்ள கிழியலாம், ரத்தம் வரலாம், எப்பவாவது அந்தக் குழாய் பின்னாடி சுருங்கிக்கலாம். அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பாரு. காய்ச்சல் மட்டும் உங்க வேலை. லேசா குளிர் அடிச்சாக்கூட சொல்லிரணும். கிருமியோட உள்ள போனா அது ரத்தத்துல கலந்துரும்."

சொல்லிரணும் என்றார். நான் சொன்னேனா? அதற்குப் பத்து நாள் முன்பே எனக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சலும், கூடவே காய்ச்சலும் வந்திருந்தன. நம் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்து டப்பா ஒன்று இருக்குமே, அதைத் திறந்து, பாதி கிழிந்த ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து இரண்டு நாளைக்கு மாத்திரை போட்டேன். காய்ச்சல் விட்டது. மறுநாளே சிறுநீர் டெஸ்ட் கொடுத்தேன். கிருமி இல்லை என்று வந்தது. அடடா, நாமே டாக்டர் என்று ஒரே குஷி!

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் வேனில் ஏறும்போது மறுபடி குளிர் நடுக்கியது. வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டிய அவர் மகள் இஸ்ரத் பின்சீட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அங்கிள், ஆர் யூ கோயிங் டு வாமிட் இன் அவர் வேன்?" என்றாள். இல்லையம்மா என்று சிரித்து வைத்தேன். அவள் இறங்கியதும், அக்கா சாலையைப் பார்க்கிறார் என்று நினைத்து, காய்ச்சல் மாத்திரை ஒன்றைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன். ஆபரேஷனுக்கு முன் வாயில் ஒன்றும் படக்கூடாது என்பது வேறு விஷயம்.

"என்ன தம்பி அது?"

"ஒண்ணுமில்லீங்கக்கா, மிட்டாய்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓட்டினார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கவுனை மாட்டிப் படுக்க வைத்தார்கள். மாத்திரை வேலை செய்துவிட்டதால் தெர்மாமீட்டரில் ஜுரம் தெரியவில்லை. டாக்டர் வந்து, காய்ச்சல், குளிர் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். மருந்து ஏதாவது எடுத்தாயா என்றார். இல்லவே இல்லை என்றேன்.

நாற்காலியில் இருந்த மெஹர் அக்கா எழுந்து நின்றார். தன் மண்ணடி ஆங்கிலத்தில், "டாக்டர், இவர் பொய் சொல்கிறார். நடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார், வழியில் மாத்திரை போட்டார்" என்று போட்டு உடைத்துவிட்டார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆன்டிபயாடிக் கதையும் வெளியே வந்தது; டெஸ்ட்டில் கிருமி தெரியாமல் போனதே அந்த அரைகுறை மாத்திரையால்தான் என்றார்.

அவ்வளவுதான். அவசரமாக ரத்தம் எடுத்தார்கள். கிருமி ஏறியிருப்பது தெரிந்தது. இன்று கல்லைத் தொடப் போவதில்லை என்றார் டாக்டர். கல் அடைத்துக்கொண்டிருப்பதால் சிறுநீர் வடிய ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை மட்டும் உள்ளே வைப்பார்களாம். கிருமி அடங்கியபின், இரண்டு வாரம் கழித்துத்தான் கல்லை எடுப்பார்களாம். அதுவரை விமானத்தை மறந்துவிடு என்றார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "நீங்க யாருங்க இதுல தலையிட? எம் பொண்டாட்டி அங்க தனியா இருக்கறா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அக்கா என் செருப்பையும் ஃபோனையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்து முடிக்கும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் டாக்டர் வந்தார். குழாய் வைத்ததும் வடிந்தது சிறுநீர் இல்லை, சீழ் என்றார். யூரிட்டரோஸ்கோப்பியில் உள்ளே பார்ப்பதற்காகத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்களாம். அந்த அழுத்தத்தில் இந்தச் சீழ் ரத்தத்தில் ஏறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ விமானத்தில் இருந்திருக்க மாட்டாய் என்றார். வேறு எங்கே இருந்திருப்பேன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயந்திரம் அக்கா ரசத்தோடு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கம்தான், வேறென்ன.

"பேசலேன்னா பரவாயில்ல தம்பி. போன வருஷம் ஜம்புநாதனும் என் வண்டிலதான் வந்தாரு. அதே சீட்டு. அவரும் ஒரு மாத்திரை போட்டாரு, நான் பார்த்தேன். ஆம்பளைங்க விஷயம், நமக்கெதுக்குன்னு வாயை மூடிக்கிட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல பிபி இறங்கிப்போச்சு. ஒன்பது நாள் ஐசியூ. அவரு சம்சாரம் ஜலஜா ஊர்லேர்ந்து ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாங்க, நான் பார்த்ததைச் சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. அவரு பொழைச்சது அல்லா கருணை."

முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தேன். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றேன். "மொதல்ல குடிங்க, ஆறிப்போவுது" என்றார்.

சாரதாவிடம் ஃபோனில் உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு அக்காவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னாள். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே வேன், அதே ஆஸ்பத்திரி. சாரதாவுக்குக் குறித்த தேதி தாண்டியும் வலி எடுத்திருக்கவில்லை. இந்த முறை டாக்டர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது என் காதில் எதுவோ அழுத்தியது. மெஹர் அக்கா என் செல்ஃபோனைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"தம்பி, முழிங்க. உங்க மாமனார் லைன்ல இருக்காரு. கேளுங்க."

கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே, பத்தாயிரம் மைலுக்கு அப்பால், கோபி ஆஸ்பத்திரியில் என் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. நானும் தேம்பித் தேம்பி அழுதேன். ஓடிவந்த நர்ஸ் பதறிப்போய், வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல் என்றாள். நான் ஃபோனைச் சுட்டிக்காட்டினேன். அக்கா துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார்:

"வலி இல்லம்மா. பெண் குழந்தை."