கோணல் கழுத்து

கூடத்துச் சுவரில் தொங்கும் யுகலேலேயை, அந்தச் சின்னக் கிட்டாரை, திருப்பிப் பார்த்தால், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் கறுப்பாகத் தீய்ந்த ஒரு தடம் தெரியும். துணி தேய்க்கும் என் அயன் சுட்ட தடம் அது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிக் காட்டி, "நம்மட கைவேல" என்று பெருமையடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கல்முனையில் பேர்போன ஓடாவி. கதவு, நிலை, அலுமாரி எல்லாம் செய்கிறவர். மகளுக்குப் பத்து வயதில், அவள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று பலகை வெட்டி யுகலேலே செய்யத் தொடங்கினார். பாசத்தோடுதான் செய்தார், நான் மறுக்கவில்லை. கழுத்தை ஒட்டப் போகும் நேரம் எனக்குக் கண்ணில் உறுத்தியது. நான் அபாயா தைக்கிறவள். கோணல் எனக்குத் தூரத்திலேயே தெரியும். ஒரு நூலை எடுத்து, கழுத்தின் நுனியிலிருந்து உடம்பின் அடிவரைக்கும் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் உடம்பிலுள்ள வட்டத் துளையின் நடுவால் போகாமல் ஒரு பக்கம் ஒதுங்கியது.

"நூலப் புடிச்சிச் சட்ட தைக்கலாம். மரவேல எனக்குத் தெரியும் புள்ள, நீ போ" என்றார். ஒட்டியும் விட்டார்.

பிறகு கழுத்தின் குறுக்கே, விரல் வைக்கும் கட்டங்களுக்காகப் பித்தளைக் கம்பிகளைப் பதித்து, முனைகளை அரத்தால் ராவி, கை வழுக்கும்படி முடித்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கழுத்துக் கோணலாயிற்றே! கடைசித் தந்தி ஓரத்தில் ஓடியது. மகள் அழுத்தும்போதெல்லாம் விளிம்பால் வழுக்கிக் கரகரத்தது. மூன்று மாதம் விரல் சிவக்கச் சிவக்க முயன்றாள். ஒருநாள் அழுதுகொண்டே வாப்பாவிடம் கேட்டாள். "சாமான் சரியாத்தான் இரிக்கி மகள். உன்ட விரல்தான் சரியா விழுகுதில்ல." பத்து வயதுப் பிள்ளையிடம்! அல்லாஹ்வே, அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

அவர் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, ஈரத்துணி போட்டு, அயனால் சூடேற்றி, பசையை இளக்கிக் கழுத்தைக் கழற்றினேன். நூல் பிடித்து நேராக ஒட்டினேன். தந்தி சுத்தமாகப் பேசியது. மகளிடம் நீட்டினேன். "வேணாம் உம்மா, எனக்கு ஏலா" என்றாள். தொடவே இல்லை. திரும்பி வந்தவர் அதைச் சுவரில் மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

போன கிழமை என் தங்கச்சியின் பிள்ளைக்கென்று இன்னொன்று செய்தார். கழுத்தை ஒட்டும் நேரம் முற்றத்திலிருந்து சத்தம் வந்தது: "புள்ள, அந்த நூலக் கொஞ்சம் கொண்டா!"

அப்படியானால் இத்தனை வருடமும் மனிதனுக்கு அந்தக் கோணல் தெரிந்திருக்கிறது! மகளையும் கூட்டிக்கொண்டு போய், நூலைக் கைக்குள் பொத்தியபடி நின்றேன்.

"மொதல்ல இவளுக்கிட்டச் சொல்லுங்க. சொன்னாத்தான் நூல்."

அவர் உளியைக் கீழே வைத்தார். "மகள், அண்டைக்குக் கழுத்தக் கோணலாப் பூட்டின நான்தான். உன்ட விரல்ல ஒரு பிழையுமில்ல" என்றார்.

நூலைக் கொடுத்தேன். மகள் உள்ளே போய்ச் சுவரில் தொங்கியதை எடுத்து வந்து, தீய்ந்த தடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அன்று தந்தியை அழுத்திச் சிவந்த இடக்கை விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு இப்போது இருபது வயது.