புகையானும் நாவாய்ப்பூச்சியும் வந்த சம்பா

கதிரைக் கையால் உரசினால் போதும், விரலில் ஒட்டிக்கொண்டு சோறு உண்ணும்போதும் போகாத ஒரு கெட்ட நாற்றம். நாவாய்ப்பூச்சியின் நாற்றம் அது. களம்பூர்ப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிய புதிது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆரணிக்கு வெளியே, ஏரிப் பாசனத்தில் எங்களுக்கிருந்த ஒரே வயலில் சம்பா பால் பிடித்திருந்தது. அந்தப் பாலை உறிஞ்சி மணியைப் பதராக்கும் பூச்சியை விரட்ட, பனி காயுமுன் அப்பாவும் அம்மாவும் நானும் கதிர்களின்மேல் சாம்பல் தூவிக்கொண்டே தினமும் நடந்து ஓய்ந்துபோனோம்.

நான்காம் நாள் அம்மா குனிந்து பயிரை விலக்கினாள். தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி, எள்ளைத் தூவியதுபோல் பழுப்புப் பூச்சிகள். நாற்றமில்லை, சத்தமில்லை. எங்கள் பக்கத்தில் அதைப் "புகையான்" என்பார்கள். அது தண்டின் சாற்றைக் குடித்த இடம் புகை பட்டதுபோல் வட்டமாகக் கருகும்.

"இன்னாங்க, மேலயே பாத்துகினு இருக்கீங்களே, அடியில பாருங்க. தண்ணிய வடிச்சுடலாம்," என்றாள் அம்மா.

"மொறைக்குக் காத்துகினு கெடந்து பாய்ச்சின தண்ணிமே. மணியே பதராப் போவுது, நீ அடிய பாத்துகினு இருக்கே," என்றார் அப்பா. ஓரிடம் மஞ்சளானபோது வெயிலில் காய்கிறது என்று எண்ணி மேலும் தண்ணீர் விட்டார். புகையானுக்கு வேண்டியதும் அதுதான்.

அத்தை வீட்டில் சாவு என்று அவர் படவேடு போயிருந்த மூன்று நாளில், அம்மா மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டாள். திரும்பிய அப்பா வெறும் சேற்றைப் பார்த்து, "யாரக் கேட்டு வெட்டினே?" என்று கத்தினார். அம்மா கருகிய வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். முழங்கைவரை பூச்சி ஏறியது. அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளத்துப் பாதி வைக்கோலுக்கும் ஆகாமல் சாய்ந்தது. மேட்டுப் பாதி தேறியது. அந்தக் கோடை முழுவதும் அப்பா ஆரணித் தெருக்களில் தறிக்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டும் கூலி வேலைக்குப் போனார். அம்மா செய்தது சரி என்று அவர் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. மறுவருஷம் கதிர் வந்ததும், "மேல நான் பாத்துக்கறேன், அடியில நீ பாருமே," என்றார், அவ்வளவுதான்.

இன்று வயல் கைமாறிவிட்டது. அவர்கள் இருவரும் இல்லை. அம்மாவின் அந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். முறத்தை எடுக்கக் குனிந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வயல் முழுவதும் ஒவ்வொரு பயிராக விலக்கிப் பார்த்துக்கொண்டு அவள் எத்தனை நாள் குனிந்தபடியே நடந்தாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.