பாட்டு ஏறாத காது

எனக்குப் பாட்டு ஏறாது. காது நன்றாகத்தான் கேட்கும். தெருமுனையில் பால்காரர் வண்டியை நிறுத்துவதுகூட வீட்டுக்குள் கேட்கும். ஆனால் வார்த்தை இல்லாமல் வெறும் மெட்டாக வந்தால், ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் திருதிருவென்று முழிப்பேன். சேத்துப்பட்டு பஸ்ஸில் யார் செல்போன் அடித்தாலும் என் பையைத்தான் துழாவுவேன். "சாமி பாட்டா சினிமா பாட்டான்னுகூட அண்ணிக்குத் தெரியாது" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்பவர். முன்னறையில் அவர் தறி. சமையலறை வாசலில் உட்கார்ந்து நான் தார் சுற்றுவேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடும், நூல் சுற்றிய சின்னக் குச்சிதான் தார். அது தீர்ந்தால் தறி நிற்கும். சத்தம் நின்றதும் புதுத் தாரை எடுத்துக்கொண்டு போவேன். மற்ற வீடுகளில் "தார் கொண்டா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். இவர் ஒருநாளும் கத்தியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன தை மாதம் அவர் இறந்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாள், எப்போதோ செல்போனில் எடுத்த வீடியோ ஒன்றை மகள் போட்டாள். தறியில் உட்கார்ந்தபடி அவர் ஏதோ முனகுகிறார்.

"அண்ணன் பாடிகினு இருக்குது பாருங்க" என்று நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. குரல் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் அவரோடு உள்ளே இருக்க, நான் மட்டும் வெளியே நிற்பது போலிருந்தது. அவர் இறந்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இல்லை.

"இது என்ன பாட்டு?" என்று கேட்டேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா இப்படிக் கேக்குற? தார் தீந்தா அப்பா இதத்தான பாடுவாரு. நீயும் உடனே எழுந்து போவியே."

பாட்டைக் கேட்டு நான் ஒருநாளும் எழுந்ததில்லை. தறி நின்றதைக் கேட்டுத்தான் எழுந்தேன்.

யாராவது என்னைக் கேலி செய்தால் அவர் விடமாட்டார். "அவளுக்கு ஒரு பாட்டு நல்லாத் தெரியும், உட்டுடுங்க" என்பார். எந்தப் பாட்டு என்று நான் கேட்டதே இல்லை. எனக்காகச் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நம்பித்தான் சொல்லியிருக்கிறார்.