இருபத்து நான்காம் பூதம்

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தின ஆண்டுகளில் காஜா பெராங் தெருவில் ஓர் அச்சகத்தில் நான் ஈய எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர். கொஞ்சம் படமும் வரைவேன். அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கெடுத்தது.

கச்சான் கடலைப் பொட்டலம் விற்கும் வியாபாரி ஒருவர், பொட்டலத்துக்கு ஒன்றாகப் போட்டுக் கொடுக்கப் பூதச் சீட்டுகள் கேட்டார். முன்பக்கம் படம்; பின்பக்கம் பெயர், உணவு, பலம், குறை. மொத்தம் இருபத்து நான்கு. நெருப்புத் தும்மும் ஆமை, மூன்று வால் முதலை என்று இருபத்து மூன்றை ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். கடைசி ஒன்றுக்குக் கற்பனை வற்றிப்போனது. அச்சுக்கான பிளாக் செய்ய அன்றைக்கே படம் போயாக வேண்டும் என்று முதலாளி தலைமேல் நின்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேசையில், அச்சானதை எண்ணிக் கட்டும் முனியம்மா வேறொரு ஆர்டரின் நோட்டீசுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் குட்டை. தலையில் பச்சைத் துணி, முடிச்சின் இரண்டு முனையும் கொம்பாக நிற்கும். வரைந்துவிட்டேன். பெயர் நொண்டிக்கொம்பி. பலம்: ஒன்றுமில்லை. குறை: கூட்டத்தில் எப்போதும் பின்தங்கும், இதைக் கண்டு யாரும் பயப்படமாட்டார்கள்.

அந்தச் சீட்டுக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். இரண்டாம் அச்சுக்கு ஆர்டர் வந்தது. அதற்காகக் கோத்த பக்கத்தை மேசையில் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தபோது முனியம்மா ஒரு சீட்டோடு வந்து நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"அண்ணே, இது நான்தானே? தலைத்துணிய பார்த்தாலே தெரியுது."

முகம் மலர்ந்திருந்தது. பின்னால் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள் என்றாள். நான் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு கூசாமல் படித்தேன்: "பலம்: வாசலில் நின்றால் புலியும் திரும்பிப் போகும். குறை: எதுவும் இல்லை."

அவள் சிரித்தாள். தங்கச்சி வீட்டில் காட்ட வேண்டும் என்று அந்தச் சீட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

ஈய எழுத்துகள் என் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தன. பூட்டைத் தளர்த்தி இரண்டு வரியை மாற்றக் கால் மணி நேரம் போதும். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே, யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தை அப்படியே மெஷினுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை முனியம்மா நேரத்துக்கு வந்தாள். சீட்டை என் எழுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள். தெங்கேராவில் இருக்கும் தங்கச்சியின் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். வீட்டார் எல்லாரும் கேட்க அவளைத்தான் வாசிக்கச் சொன்னாளாம். அந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடி வாசித்திருக்கிறது.

முனியம்மா அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீங்க படிச்சது நல்லா இருந்துச்சுண்ணே. அதையே அடிச்சிருக்கலாம்" என்றாள்.

அதற்குள் இரண்டாம் அச்சு முழுவதும் ஓடி முடிந்திருந்தது. அவள் தன் மேசைக்குப் போய், அதே வரிகள் உள்ள சீட்டுகளை மாலைவரை எண்ணிக் கட்டினாள். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதத்தோடு அவள் செமாபோக் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் முகத்துக்கு நேரே அதை அப்படியே வாசிக்க முடியாவிட்டால், எழுத்தைக் கோக்காதீர்கள். கோத்துவிட்டால் பிரித்துவிடுங்கள். கால் மணி நேர வேலைதான்.